நான்கு விநாடி குறைந்தால் முன்னேற்றமா?

பத்தாம் வகுப்பு மாணவி, பள்ளிக் கால்பந்து அணி

ஆண்டுதோறும் ஜூன் திங்களில் ஒரு முறையும், பொங்கல் விடுமுறைக்குப் பின் ஒரு முறையும் நம் பள்ளி மைதானத்தில் உடல்திறன் சோதனை நடப்பதை அனைவரும் அறிவீர்கள். 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், தண்டால், உட்கார்ந்து கையை நீட்டித் தொடுதல் எனப் பல உண்டு. முடிந்ததும் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்படுகிறது. பெயருக்கு எதிரே ஜூன் மாத எண், ஜனவரி மாத எண், அதற்கு அடுத்த கட்டத்தில் 'முன்னேற்றம்' அல்லது 'பின்னடைவு' என்று ஒரே ஒரு சொல். இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் கால்பந்து ஆடும் மாணவிகளாகிய நாங்கள் எங்கள் கருத்தை இங்கே எழுத விழைகிறோம்.

ஒரு விநாடி குறைந்தாலும் முன்னேற்றம், அரை விநாடி கூடினாலும் பின்னடைவு என்று எழுதிவிடுகிறார்கள். எவ்வளவு குறைந்தால் உண்மையான முன்னேற்றம், எவ்வளவு கூடினால் உண்மையான பின்னடைவு என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே எங்கள் வாதம். கேட்காவிட்டால் இரண்டு தீங்குகள் விளைகின்றன. நன்றாக இருக்கிற பெண் வீணாகத் திட்டு வாங்குகிறாள். உண்மையிலேயே உடல் தளர்ந்து வருகிற பெண்ணோ, 'பின்னடைவு' என்று எழுதப்பட்ட இருபது பேரில் ஒருத்தியாகக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறாள். இரண்டாவதே பெரிய தீங்கு என்று நாங்கள் நினைக்கிறோம்.

"இது ஒரு விளையாட்டுச் சங்கதி, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?" என்று சிலர் எண்ணலாம். பெண்களுக்குக் கால்பந்து இன்று வெறும் மாலைப் பொழுதுபோக்கு அன்று. மணிப்பூர்ப் பெண்களே ஆண்டுக்கணக்காக ஆண்டுவந்த தேசியச் சாம்பியன் பட்டத்தை 2018-ஆம் ஆண்டு கட்டாக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் வென்றார்கள். இறுதி ஆட்டத்தில் அதே மணிப்பூரை 2-1 என்ற கணக்கில் தோற்கடித்தார்கள். 2023-இல் அமிர்தசரசில் அரியானாவை வென்று மீண்டும் பட்டம் பெற்றார்கள். மதுரையின் சேது அணி 2019-இல் இந்திய மகளிர் லீக் கோப்பையைக் கொண்டுவந்தது. கடலூரில் பந்தாடத் தொடங்கிய இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார்; தமிழ்நாடு காவல்துறையில் பணியும் பெற்றார். நெசவுத் தொழிலையும் வயலையும் நம்பியிருக்கும் நம் ஆர்.கே.பேட்டைப் பக்கத்துப் பெண்ணுக்கு இவையெல்லாம் எட்டாக் கனி அல்ல. ஆனால் அந்தக் கனிக்குப் போகும் பாதையில் ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் ஸ்டாப் வாட்சுடன் நிற்கிறார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதியில் சேர வேண்டுமானாலும் உடல்திறன் சோதனை உண்டு. மாவட்ட அணிக்கும் உண்டு. ஆகவே அந்தக் கடிகாரம் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று தெரிந்துகொள்வது எங்கள் எதிர்காலத்தோடு தொடர்புடையது.

எங்கள் தோழி ஒருத்திக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். ஓர் அணித் தேர்வில் 50 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். பெண்கள் கூட்டமாக இருந்ததால் இரண்டு வரிசை, இரண்டு கடிகாரம், இரண்டு பேர் நேரம் பார்த்தார்கள். எங்கள் தோழி ஒரு வரிசையில் ஓடினாள். கடைசி இடத்தைப் பெற்றவள் மற்றொரு வரிசையில் ஓடினாள். இருவருக்கும் வித்தியாசம் விநாடியில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான், பட்டியலில் பெயர் இல்லை. "ஓடத் தெரியாதவளுக்குப் பந்து எதற்கு?" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். இப்போது அவள் மாலையில் வீட்டில் நூல் சுற்றுகிறாள். அவளைவிட மற்றவள் வேகமானவளாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த இரு எண்களைக் கொண்டு அதைச் சொல்லவே முடியாது என்பதுதான் எங்கள் வருத்தம்.

ஏன் சொல்ல முடியாது? நம் ஊர்த் தறிவீடுகளில் பழகிய எவருக்கும் இது விளங்கும். ஒரே சேலையை அப்பா ஒரு முறை அளக்கட்டும், அண்ணன் ஒரு முறை அளக்கட்டும். இருவருக்கும் இரண்டு விரற்கடை வித்தியாசம் வரும். துணியை இழுத்துப் பிடித்தால் ஓர் அளவு, தளர்த்திப் பிடித்தால் ஓர் அளவு. அதற்காகச் சேலை வளர்ந்துவிட்டது என்றோ, சுருங்கிவிட்டது என்றோ யாரும் சொல்வதில்லை. 'கை வித்தியாசம்' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். ஒரு சாண் குறைந்தால் மட்டும் தறியை நிறுத்தி என்ன கோளாறு என்று பார்ப்பார்கள். கை வித்தியாசம் எவ்வளவு, வியாபாரி திருப்பி அனுப்பும் வித்தியாசம் எவ்வளவு என்ற இரண்டும் நெசவாளிக்கு மனப்பாடம். படித்தவர்கள் நடத்தும் உடல்திறன் சோதனையில் இந்த இரண்டு கேள்விகளும் எழாமல் இருப்பது வியப்பாக இருக்கிறது!

ஓட்டத்தில் கை வித்தியாசம் எவ்வளவு? விசில் சத்தம் காதில் விழுந்து விரல் பொத்தானை அழுத்துவதற்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு விநாடி கழிந்துவிடுகிறது. ஓடி முடிப்பவளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வருவதால், முடிவில் அந்தத் தாமதம் அவ்வளவு இருப்பதில்லை. ஆகவே கைக் கடிகாரம் எப்போதும் உண்மையைவிடக் குறைவான நேரத்தையே காட்டும். தடகளத்தில் 100 மீட்டருக்குக் கையால் எடுத்த நேரத்தை மின்கருவி நேரத்தோடு ஒப்பிடும்போது 0.24 விநாடி கூட்டிக்கொள்வது நெடுங்கால வழக்கம். எல்லோர்க்கும் ஒரே அளவு குறைந்தால் குற்றமில்லை. ஆனால் ஒருவர் விரல் ஒரு மாதிரி, மற்றொருவர் விரல் வேறு மாதிரி. அதே ஆசிரியைக்கே காலை பத்து மணிக்கு ஒரு விரல், நாற்பது பேரை ஓடவிட்ட பிறகு பதினொன்றரை மணிக்கு வேறு விரல். பத்தில் ஒரு விநாடி என்பது இந்தக் கை வித்தியாசத்துக்குள் அடங்கிப் போகிற அளவு.

இது கடிகாரத்தின் பங்கு மட்டுமே. ஓடுகிறவளும் நாளுக்கு நாள் ஒன்றுபோல இருப்பதில்லை. முதல்நாள் இரவு தூங்கினாளா, காலையில் சாப்பிட்டாளா, காற்று எதிரே அடித்ததா, காலில் ஷூவா செருப்பைக் கழற்றிய வெறுங்காலா, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எண் வருகிறது.

இங்கேதான் எங்கள் பத்தாம் வகுப்புக் கணக்கு உதவிக்கு வருகிறது. புள்ளியியல் பாடத்தில் திட்ட விலக்கம், மாறுபாட்டுக் கெழு என்று படிக்கிறோம். "இது வாழ்க்கையில் எங்கே பயன்படப் போகிறது?" என்று வகுப்பில் முணுமுணுக்காதவர்கள் குறைவு. இதோ இங்கே பயன்படுகிறது. ஒரு மாணவி இரண்டு வாரத்துக்குள் ஐந்து நாள் 600 மீட்டர் ஓடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரத்தில் உடல் பெரிதாக மாறிவிடாது. அவள் நேரங்கள் 160, 166, 158, 164, 162 விநாடிகள் என்று கொள்வோம். இவை கணக்குக்காக நாங்களே அமைத்த எண்கள். யாருடைய நேரமும் அல்ல. சராசரி 162. விலக்கங்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 40; ஐந்தால் வகுத்தால் 8; வர்க்கமூலம் ஏறத்தாழ 2.8 விநாடி. எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது ஒன்றைக் குறைத்து நான்கால் வகுக்க வேண்டும் என்பார்கள் கல்லூரியில் படிக்கும் அக்காமார்கள். நாம் நம் பாடப் புத்தகப்படியே போவோம்.

ஆக, எதுவுமே மாறாதபோதும் அவள் நேரம் மூன்று விநாடி அளவுக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. நாம் பார்ப்பதோ ஒரு நேரத்தை அல்ல. ஜூன் நேரத்துக்கும் ஜனவரி நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. இரண்டு எண்களுமே ஆடுகின்றன. அதனால் வித்தியாசம் இன்னும் அதிகமாக ஆடும். அந்த 2.8-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். பெருக்கினால் 4 விநாடி வருகிறது. இதன் பொருள் என்ன? அவள் ஆறு மாதம் பயிற்சியே செய்யாமல், உடலில் எந்த மாற்றமும் இல்லாமல் இருந்தாலும்கூட, ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை இரு சோதனைகளுக்கும் 4 விநாடிக்கு மேல் வித்தியாசம் வரும். 8 விநாடிக்கு மேல் என்றால் இருபதில் ஒரு முறைதான் தற்செயலாக வரும். ஆகவே 8 விநாடி குறைந்தால் தயங்காமல் கைதட்டலாம். 3 விநாடி குறைந்தால் கைதட்டுவதற்கும் இல்லை, 3 விநாடி கூடினால் திட்டுவதற்கும் இல்லை. அறிவிப்புப் பலகையில் அரை விநாடிக்கெல்லாம் 'பின்னடைவு' என்று சிவப்பு மையில் எழுதுவதை இதன்பின் என்னவென்று சொல்வது?

கை வித்தியாசம் ஒரு பக்கம். நெசவாளியின் இரண்டாவது கேள்வியும் இருக்கிறது: எவ்வளவு வித்தியாசம் இருந்தால் ஆட்டத்தில் அது பொருட்படும்? நியூசிலாந்தைச் சேர்ந்த வில் ஹாப்கின்ஸ் என்ற விளையாட்டு அறிவியலாளர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அவர் வழியைப் பின்பற்றுகிறவர்கள், அணியில் ஒருத்திக்கும் மற்றொருத்திக்கும் உள்ள திட்ட விலக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கை 'பொருட்படத்தக்க மிகச் சிறிய மாற்றம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அணியில் 600 மீட்டர் நேரங்களின் திட்ட விலக்கம் 15 விநாடி என்றால், 3 விநாடி மாற்றமே பொருட்படத்தக்கது. உண்மையைச் சொன்னால் இந்த ஐந்தில் ஒரு பங்கு விதி எங்களுக்கு முழுத் திருப்தி தரவில்லை. அணியில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வேகக்காரிகளாக இருந்துவிட்டால் விதி மிகச் சிறிய எண்ணைத் தரும். ஒருத்தி மிக மெதுவாக இருந்தால் அவளாலேயே எல்லோருக்கும் எண் பெரிதாகிவிடும். விதி கணக்கிலிருந்து வருகிறது, மைதானத்திலிருந்து வரவில்லை.

மைதானத்திலிருந்து தொடங்கினால் இப்படி யோசிக்கலாம். ஒரு பந்தைத் துரத்தி இரு பெண்கள் ஓடுகிறார்கள். யார் கால் முன்னே நீள்கிறதோ அவளுக்கே பந்து. எவ்வளவு முந்த வேண்டும்? நம் வடிவியல் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் 30 சென்டிமீட்டர் அடிக்கோல் நீளம் முந்தினால் போதும். விநாடிக்கு 6 மீட்டர் ஓடுகிறவளுக்கு 30 சென்டிமீட்டர் என்பது 0.05 விநாடி. இருபதில் ஒரு விநாடி! பந்து கிடைப்பதும் கிடைக்காததும் இருபதில் ஒரு விநாடியில் இருக்க, நம் ஸ்டாப் வாட்சின் கை வித்தியாசமோ அதற்கு இரண்டு மூன்று மடங்கு. பருத்தி மூட்டை எடை போடும் தராசில் தங்கத்தை நிறுப்பது போன்றதே இது. தங்கத்தின் மேலும் குற்றமில்லை, தராசின் மேலும் குற்றமில்லை.

அதற்காகக் குறுகிய ஓட்டத்தைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரே நாளில் நான்கு முறை ஓடவிட்டு, நடுவில் நன்றாக இளைப்பாறவிட்டு, சராசரி எடுத்தால் ஆட்டம் பாதியாகக் குறைகிறது. நான்கின் வர்க்கமூலம் இரண்டு அல்லவா? பதினாறு முறை ஓடினால் கால்பங்காகும். ஆனால் அதற்குள் கால் போய்விடும்! இப்போது பலரிடம் உள்ள செல்போனில் விநாடிக்கு 240 படம் பிடிக்கும் வசதி இருக்கிறது. கோட்டுக்கு நேரே போனை நிறுத்திப் படம் எடுத்து, படங்களை எண்ணினால் விரலின் தவறு அறவே இல்லை. மாணவிகள் போன் கொண்டுவரக் கூடாது என்ற விதியை நாங்கள் மதிக்கிறோம். பி.டி. டீச்சரின் போன் போதும்.

600 மீட்டரும் 50 மீட்டரும் கேலோ இந்தியாவின் பள்ளிச் சோதனையில் எல்லா மாணவர்களுக்கும் உள்ளவை. கால்பந்துக்கென்றே உள்ள சோதனையை டென்மார்க் நாட்டவரான பாங்ஸ்போ என்பவர் அமைத்தார். 'யோ-யோ' என்பது அதன் பெயர். 20 மீட்டர் ஓடிப் போய்த் திரும்பி 20 மீட்டர் ஓடிவர வேண்டும். பத்து விநாடி இளைப்பாறல். பிறகு மீண்டும் ஓட வேண்டும். ஒலிநாடாவின் 'பீப்' ஒலி போகப் போக வேகமாகும். இரண்டு முறை ஒலியைத் தவறவிட்டால் ஆட்டம் முடிந்தது. இந்தச் சோதனையின் பெயர் நம் நாட்டில் கிரிக்கெட்டால்தான் பிரபலமானது. 2018 ஜூனில் முகமது ஷமி உடல்திறன் சோதனையில் தேறாததால் பெங்களூரில் நடந்த ஆப்கானிஸ்தான் டெஸ்டில் இடம் இழந்தார். சில வாரங்களில் தேறி, அதே ஆகஸ்டில் இங்கிலாந்தில் டெஸ்ட் ஆடினார். ஷமிக்கு மறுசோதனை கிடைத்தது. எங்களைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு நாள்தான்.

பாங்ஸ்போவுடன் பணியாற்றிய குருஸ்ட்ருப் என்பவர் 2003-இல் இதே யோ-யோவை ஒருவர் மறுபடி ஓடினால் எண் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து, ஏறத்தாழ 5 சதவீதம் என்று கண்டார். 2005-இல் டென்மார்க்கின் முன்னணிப் பெண் ஆட்டக்காரர்கள் 14 பேரை ஆட்டத்தின்போதே கூர்ந்து ஆராய்ந்து எழுதினார். ஓர் ஆட்டத்தில் அவர்கள் சராசரியாக 10.3 கிலோமீட்டர் ஓடியும் நடந்தும் கடக்கிறார்கள். அதில் வேக ஓட்டம் 1.3 கிலோமீட்டர். யோ-யோவில் அதிகத் தூரம் ஓடியவர்களே ஆட்டத்திலும் அதிக வேக ஓட்டம் ஓடினார்கள். இது முக்கியமான செய்தி; சோதனைக்கும் ஆட்டத்துக்கும் உறவு உண்டு என்பதற்குச் சான்று. அவர்களுடைய யோ-யோ சராசரி ஏறத்தாழ 1,380 மீட்டர். அதில் 5 சதவீதம் 69 மீட்டர். ஒரு சுற்று 40 மீட்டர்தான். எனவே சென்ற முறையைவிட ஒரு சுற்று கூட ஓடியதால் முன்னேற்றம் என்பதும், ஒரு சுற்று குறைந்ததால் பின்னடைவு என்பதும் வெறும் பேச்சு. ஐந்தாறு சுற்று கூடினால் அது வேறு கதை.

அந்த ஆய்வில் இன்னொன்றும் எங்கள் கண்ணில் பட்டது. அந்தப் பதினான்கு பேருமே முன்னணி ஆட்டக்காரர்கள். ஆயினும் ஒருவர் ஓடியது 600 மீட்டர், மற்றொருவர் ஓடியது 1,960 மீட்டர். நம் ஊர்த் தேர்வாளர் யாராவது அங்கே இருந்திருந்தால் 600 மீட்டர்காரரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்! அவருக்கு வேறு திறமைகள் இருந்திருக்க வேண்டும் அல்லவா?

பெண்களைப் பற்றிய இத்தகைய ஆராய்ச்சி வெகு பிந்தியே வந்தது. கால்பந்தின் தாயகமான இங்கிலாந்திலேயே கால்பந்துச் சங்கம், இந்த விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதன்று என்று கூறி 1921-இல் தன் மைதானங்களைப் பெண்களுக்கு அடைத்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்தே திறந்தது. ஆடவே விடாதவர்களை யார் அளப்பார்கள்? ஆகவே இன்றும் பல அட்டவணைகள் ஆண்களை அளந்து எழுதியவை. ஆண்களுக்கான எண்ணில் கொஞ்சம் கழித்துப் பெண்களுக்கு என்று போடுவது எங்களுக்கு உடன்பாடில்லை. பெண்ணைப் பெண்ணின் பழைய எண்ணோடு ஒப்பிடுவதே நேர்மை.

எங்கள் வயதில் அந்தப் பழைய எண்ணையும் கவனமாகவே கையாள வேண்டும். பத்து வயது முதல் பதினான்கு பதினைந்து வயதுக்குள் பெண்கள் வளர்ந்து எடை கூடுகிறார்கள். பையன்களுக்கு அந்தப் பருவத்தில் தசை வலு ஏறி ஓட்டம் தானே வேகமாகிறது. பெண்களுக்கு ஓட்டம் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடுகிறது. எட்டாம் வகுப்பில் ஓடிய நேரத்தைப் பத்தாம் வகுப்பிலும் ஒருத்தி ஓடினால், அவள் சும்மா இருந்தாள் என்று பொருளல்ல. அதோடு வெயில். திருவள்ளூர் மாவட்டத்தில் ஜூன் வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் பதினொரு மணி வெயிலில் ஓடிய நேரத்தையும் ஜனவரிக் காலைக் குளிரில் ஓடிய நேரத்தையும் பக்கத்தில் வைத்து 'எல்லோரும் முன்னேறிவிட்டார்கள்' என்று ஆண்டு விழா அறிக்கையில் வாசிப்பது, தை மாதக் குளிருக்குப் பரிசு கொடுப்பதாகும்.

மாதவிலக்கு நாள்களைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். பெண்களே படிக்கும் பள்ளியில், பெண்களே நடத்தும் பள்ளியில் எழுதாமல் வேறெங்கே எழுதுவது? பல ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான ஒரு மதிப்பீடு, முதல் சில நாள்களில் திறன் சராசரியாக மிகச் சிறிதளவே குறைகிறது, ஆனால் ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடுகிறது என்று சொல்கிறது. எனவே 'அந்த நாளில் ஓடவே கூடாது' என்ற பாட்டிமார் சொல்லும் சரியன்று. 'அதெல்லாம் சாக்கு' என்ற கண்டிப்பும் சரியன்று. குறிப்பேட்டில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் போதும். எண்ணைப் படிக்கும்போது அது உதவும்.

இனி, தொடக்கத்தில் பெரிய தீங்கு என்று சொன்னோமே, அதற்கு வருகிறோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இருக்கிறது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் தசைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். 600 மீட்டர் ஓட்டத்தில் அது முதலில் தெரியும். ஒருத்தியின் நேரம் 162-இலிருந்து 180 ஆகிறது என்றால் அது கை வித்தியாசம் அன்று, வெயிலும் அன்று. அவளைத் திட்டக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் இரத்தம் பார்க்க வேண்டும். ஆனால் பலகையில் இருபது 'பின்னடைவு' இருந்தால் அந்த ஒருத்தியை யார் கவனிப்பார்கள்? மூன்று விநாடிக்காரிகள் பத்தொன்பது பேரையும் விலக்கிப் பார்த்தால்தான் அவள் தெரிவாள். (வாரந்தோறும் தரும் இரும்புச் சத்து மாத்திரையை ஜன்னல் வழியே தூதனுப்புகிறவர்களும் இதைச் சற்றுப் படிக்கவும். தோட்டத்துச் செம்பருத்திக்கு இரத்தசோகை இல்லை.)

திட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் சோதனையில் மிக மோசமாக ஓடியவள் அடுத்த முறை பெரும்பாலும் கொஞ்சம் நன்றாகவே ஓடுவாள். முதல் முறை அவளுக்கு எல்லாமே கெட்ட நாளாக அமைந்திருக்கும். அடுத்த முறை சாதாரண நாளாக இருந்தாலே போதும். அவ்வாறே முதலிடம் பெற்றவள் அடுத்த முறை சற்று இறங்குவாள். இதை 1886-ஆம் ஆண்டிலேயே பிரான்சிஸ் கால்டன் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை வைத்து விளக்கியிருக்கிறார். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகவே இருப்பார்கள், ஆனால் சராசரியை நோக்கிச் சற்று நகர்வார்கள். இது தெரியாவிட்டால் என்ன நேரும்? திட்டினோம், முன்னேறினாள், பாராட்டினோம், தலைக்கனம் ஏறி இறங்கிவிட்டாள் என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். திட்டுக்குக் கிடைக்கும் இந்தப் புகழில் பெரும்பகுதி கணக்கின் புகழ்தான் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

இதையெல்லாம் கேட்டு, "அப்படியானால் மெதுவாக ஓடும் ஒவ்வொருத்தியும் 'கை வித்தியாசம்' என்று தப்பித்துக்கொள்வாளே?" என்று ஒரு சிஸ்டர் எங்களிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எல்லை எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டால் தப்பிக்க வழியில்லை. எட்டு விநாடி என்று ஜூனிலேயே எழுதிவிட்டால், ஒன்பது விநாடி இறங்கியவள் வெயிலையும் காற்றையும் சாட்சிக்கு அழைக்க முடியாது. எல்லை இல்லாத இடத்தில்தான் சாக்கும் உண்டு, அநீதியும் உண்டு. மேலும், 'முன்னேற்றம்' என்று மலிவாகக் கிடைக்கும் சொல்லை இழக்கப் போகிறவர்களில் நாங்களும் இருக்கிறோம். சென்ற ஜனவரியில் எங்கள் அணியில் அந்தச் சொல்லைப் பெற்றவர்களில் பெரும்பாலோர் இந்தக் கணக்கில் 'மாற்றம் தெரியவில்லை' என்ற கட்டத்துக்குத்தான் போவார்கள்.

அந்தக் கட்டம்தான் நாங்கள் கேட்பது. பலகையில் 'முன்னேற்றம்', 'பின்னடைவு' என்ற இரண்டுக்கும் நடுவே 'மாற்றம் தெரியவில்லை' என்று ஒன்று வேண்டும். மாற்றம் இல்லை என்பது வேறு, தெரியவில்லை என்பது வேறு, பின்னதே உண்மை. ஜூன் மாதம் பயிற்சி தொடங்குமுன் இரண்டு வாரத்தில் நான்கு நாள் 600 மீட்டர் ஓடவிட்டு, ஒவ்வொருத்தியின் ஆட்டம் எவ்வளவு என்று கண்டுகொள்ளலாம். ஒரே நேரம், காலை ஏழரை மணி; ஒரே மைதானம்; ஒரே ஷூ; நேரம் பார்ப்பவரும் ஒருவரே. ஜனவரியிலும் அப்படியே. பதினெட்டுப் பேருக்கு இது பெரிய வேலை அன்று. கணக்கை நாங்களே போட்டுத் தருகிறோம். பத்தாம் வகுப்பில் ஆள் இருக்கிறது. எல்லோர்க்கும் முன்னால் தாள் ஒட்டுவதற்குப் பதிலாக ஆளுக்கொரு அட்டை கொடுத்தால் இன்னும் நன்று.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த அட்டை வீட்டுக்கு வரும்போது நேரத்தை மட்டும் பாராமல், பக்கத்தில் அடைப்புக்குள் இருக்கப் போகும் சிறிய எண்ணையும் பாருங்கள். மகளின் நேரம் அந்த எண்ணுக்குள் ஏறி இறங்கியிருந்தால், சாப்பாட்டின்போது அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அதைத் தாண்டி ஏறியிருந்தால், பந்தைப் பிடுங்கி வைக்கும் முன் அவள் சரியாகச் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, எங்காவது வலிக்கிறதா என்று கேளுங்கள், மறுநாள் பி.டி. டீச்சரை வந்து பாருங்கள். மாலை நான்கரை மணிக்கு அவர்கள் மைதானத்தில்தான் இருப்பார்கள்.